லைப்பேஸ் அண்ணை சாப்பிட்ட வடை

கொழும்பு வெள்ளவத்தை முழுவதிலும் மட்டன் ரோல்ஸை டிசுத் தாளில் சுற்றி, எண்ணெய் வடிந்து அதன் மூச்சு நிற்கும்வரை நெரித்துவிட்டுச் சாப்பிட்ட ஒரே மனிதர் லைப்பேஸ் அண்ணைதான். சந்தேகம் இருந்தால் காலி வீதிக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். அவர் படியேறும்போதே டிசுப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்திவிடுவார்கள்.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், அன்ரி வீட்டு மாடியில் அவருக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை. அன்ரி எங்கள் இருவருக்கும் உறவில்லை. வாடகையும் சாப்பாடும்தான் உறவு. அண்ணையின் சொந்தப் பெயர் அவருடைய ஆய்வுகூட அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். காசநோய்க் கிருமியை ஆராய்வது அவர் வேலை. முழுக் கிருமியையும்கூட அல்ல. அது கொழுப்பை உடைத்துச் சாப்பிட வைத்திருக்கும் நொதியங்களை மட்டும். அவற்றுக்குத்தான் லைப்பேஸ் என்று பெயர். மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல, எந்த லைப்பேஸ் இன்றைக்கு என்ன செய்தது என்று மனிதர் தினமும் வந்து சொல்லுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தகப்பன் “தம்பிக்கு என்ன உத்தியோகம்?” என்று கேட்டாராம். இவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கலியாணம் முடிந்துவிட்டது என்பார் அன்ரி. நான் இதைக் கொஞ்சம் குறைத்துத்தான் நம்புகிறேன்.

அவர் எண்ணெய் தொடாததற்கும் அந்தக் கிருமிதான் காரணம். நாள் முழுக்க அது கொழுப்பிலேயே வாழ்வதைப் பார்த்துவிட்டு வந்தால், பொரியலைக் கண்டாலும் அந்தக் கிருமியே கண்ணில் நிற்குமாம்.

அப்படியிருக்க, அந்தக் கிருமி எனக்கே வந்தது. இருமல், பின்னேரக் காய்ச்சல், இடுப்பில் நிற்காத காற்சட்டை. கிளினிக்கில் நெஞ்சைப் படம் எடுத்துவிட்டு, ஆறு மாதம் தினமும் குளிசை விழுங்கவேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்களிடையே இந்த நோயின் பெயரைக் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். நானும் மரியாதையாகப் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். அன்ரி வந்து பெட்டியைப் பறித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, குளிசையை நேரத்துக்குப் போடச் சொன்னார். பிறகு தானும் அண்ணையுமாகப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்தார். நல்லவேளை, இருவருக்கும் ஒன்றுமில்லை.

லைப்பேஸ் அண்ணைக்கோ முகமெல்லாம் வெளிச்சம். இத்தனை வருடம் கண்ணாடித் தட்டில் பார்த்த கிருமி பக்கத்து அறையிலேயே குடிவந்திருக்கிறது. என் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “வடிவாக் கிடக்கு” என்றார். என் நெஞ்சை அப்படிப் புகழ்ந்தவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு பேருரை. உடலைக் காக்கும் வெள்ளைக் கலங்கள், அதாவது செல்கள், இந்தக் கிருமியைக் கொல்லத்தான் விழுங்குகின்றனவாம். உள்ளே போன கிருமி சாகாமல், அந்தக் கலத்தையே துளித்துளியாகக் கொழுப்புச் சேர்க்க வைத்து, லைப்பேஸால் உடைத்து உடைத்துச் சாப்பிடுமாம். மிச்சத்தைத் தனக்குள் சேமித்துவைத்து வருடக்கணக்கில் தூங்கவும் செய்யுமாம். சில லைப்பேஸ்கள் கிருமியின் மேற்தோலில் இருப்பதால், உடம்பு அதை வைத்தே ஆளை அடையாளம் கண்டு அடிக்கவும் கூடுமாம். இதில் அன்ரி பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்.

“அதுக்குச் சீனி பெரிசில்லை அன்ரி. கொழுப்புத்தான் சாப்பாடு.”

அன்ரி பொரித்துக்கொண்டிருந்த வாழைக்காயைப் பார்த்தார். அடுப்பை நிறுத்தினார்.

அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் தேங்காய்ப்பால் இல்லை, தாளிதம் இல்லை. முட்டையில் எனக்கு வெள்ளை மட்டும். ஊரெல்லாம் இந்த நோய்க்காரனுக்கு ஆட்டிறைச்சியும் நெய்யும் ஊட்ட, எனக்கு அவித்த பூசணிக்காய், அவித்த கத்தரிக்காய், வெந்நீரில் மஞ்சள் போட்ட ஒரு சொதி. பெட்டியைப் பறித்து வைத்த மனுஷியிடம் வாய் திறந்து என்ன சொல்வது? அண்ணையாவது கவனித்திருக்கலாம். அவருக்கென்றால் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வாய்க்கு ருசியான சமையல். கத்தரிக்காயை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்.

கிளினிக்கில் தராசு வேறு கதை சொன்னது. ஏறவேண்டிய நிறை இறங்கிக்கொண்டே போனது. “மல்லி, கன்னே நெத்த?” என்று தாதி சிங்களத்தில் கேட்டார், தம்பி சாப்பிடுவதில்லையா என்று. சாப்பிடுவதாகத்தான் தலையாட்டினேன். டொக்டர் தராசைப் பார்த்துவிட்டு, மருந்து பிடிக்கவில்லையோ தெரியாது, இப்படியே இறங்கினால் வார்டில் படுக்கவேண்டிவரும் என்றார். குளிசைக்கு அடங்காத வகையாயிருந்தால் என் கதை என்னாவது என்று நினைத்து, பஸ்ஸில் வரும்போது உண்மையாகவே அழுதேன்.

பின்னேரம் அண்ணையிடம் சொன்னேன்.

“என்ன சாப்பிடுறீர்?” என்றார்.

“நீங்கள் சாப்பிடுறதுதான். அவிச்ச பூசணிக்காய்.”

“உமக்கு ஏன் அது?”

“கிருமிக்குக் கொழுப்புத்தான் சாப்பாடெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அன்ரி அதைப் பட்டினி போடுறா.”

மனிதர் செருப்பையும் மறந்து அன்ரியின் குசினிக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

“அன்ரி, கிருமி உங்கட சட்டியில சாப்பிடுறேல்லை. நீங்கள் பட்டினி போட்டால் முதல்ல மெலியிறது இவரைக் காக்கிற கலங்கள்தான். இவர் நல்லாச் சாப்பிட்டால்தான் அதுகள் சண்டை பிடிக்கும்.”

அன்ரி நிதானமாகக் கையைத் துடைத்தார். “அண்டைக்கு நீங்கள் விஞ்ஞானம் கதைச்சனீங்கள் தம்பி. இண்டைக்கு இந்தப் பிள்ளையில பாவம் பார்த்துக் கதைக்கிறியள். எனக்கு வித்தியாசம் விளங்கும். எண்ணெய் அவ்வளவு நல்லதெண்டால் நீங்கள் ஏன் டிசுவால நெரிக்கிறியள்?”

அண்ணை மேசையில் போய் உட்கார்ந்தார்.

“வடை சுடுங்கோ.”

வடை வந்தது, எண்ணெய் சொட்டச் சொட்ட. டிசுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அன்ரியின் கண்ணைப் பார்த்தபடியே கடித்தார். ஆமணக்கெண்ணெய் பருக்கிய பிள்ளையின் முகம் அது. இன்னொன்றும் கேட்டார்.

மறுநாள் காலை சொதியில் தேங்காய்ப்பால் திரும்பி வந்தது. ஆனால் அன்ரி அவ்வளவு இலேசாக நம்புகிற ஆள் இல்லை. என் தட்டில் பொரித்தது எது விழுந்தாலும் அண்ணையின் தட்டிலும் ஒன்று விழும். அவர் அதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கு அனுமதி. மாதக்கணக்கில் இது நடந்தது. என் நிறை ஏறியது, டொக்டர் சிரித்தார். அண்ணையின் நிறையும் ஏறியது. காற்சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, சேர்ட்டை வெளியே தொங்கவிட்டு வேலைக்குப் போனார். அவருக்குச் சாப்பாட்டில் ருசி வந்துவிட்டது, இனிக் கலியாணம்தான் பாக்கி என்று அன்ரி சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைசிக் குளிசையும் முடிந்து, நோய் போய்விட்டது என்று கிளினிக்கில் சொன்ன அன்று, அன்ரி கட்லட் பொரித்தார். டொக்டர் என்ன சொன்னார் என்று அண்ணை கேட்டார். சுகம் என்று சொன்னார் என்றேன்.

“வடிவாக் கேட்டனீரே? இனி ஒண்டும் இல்லையாமே?”

“ஒண்டும் இல்லையாம் அண்ணை.”

“நல்லது” என்று சொல்லிவிட்டு, டிசுப் பெட்டியை இழுத்தெடுத்தார். கட்லட்டைச் சுற்றி, அதன் மூச்சு நிற்கும்வரை நெரித்தார். இத்தனை மாதமும் ஒரு வாய்கூட அவருக்குப் பிடித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த டிசுவையும் எடுத்து அவரிடம் கொடுத்தேன்.