அத்தை கிள்ளிப் போட்ட வீடு

சொந்த வீட்டில் வழுக்கி விழுந்தவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இல்லாத வீட்டில், இல்லாத சோபாவில், பெண் கொடுக்க வந்தவரை விழவைத்தவன் எனக்குத் தெரிந்து இந்த மலைநாட்டிலேயே நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது இன்னும் மோசமாகச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஹட்டனில் ரியாஸ் நானாவின் போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்த கண்ணாடி மாற்றுவது, ரீலோட் போட்டுக் காசு ஏற்றிக் கொடுப்பது, பெரியவர்களின் போனில் தெரியாமல் அணைந்துபோன சத்தத்தை மறுபடி கூட்டிக் கொடுப்பது, இவைதான் என் வேலை. ஆனால் என் கார்டில் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று இருந்தது. (கார்டு அடித்ததும் நான்தான்.)

ஒருநாள் நானா கொழும்பிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே மிக்ஸ்ட் ரியாலிட்டி ஹெட்செட். கண்ணை அடைத்துக்கொண்டு முகத்தில் மாட்ட வேண்டிய சாமான். முன்பக்கக் கேமரா நம் எதிரில் இருப்பதைக் காட்டும். அதன் மேல் கம்ப்யூட்டர் தன் பங்குக்கு இல்லாததையும் சேர்த்துக் காட்டும். இருப்பதும் இல்லாததும் கலந்து தெரிவதால் அந்தப் பெயர். விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வீட்டுக்குள் நின்று காற்றில் விரலால் கிள்ளுகிறாள். உடனே ஒரு திமிங்கிலம் வந்து அவள் தலைக்கு மேலே நீந்துகிறது. அவள் சிரிக்கிறாள். அவளுக்குக் கழுத்து வலிப்பதாகவே தெரியவில்லை.

எங்களுக்கு வலித்தது. மாட்டினால் முகத்தில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். கழற்றினால் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். பேட்டரி ஒரு தமிழ்ப் படத்தின் இடைவேளை வரைகூடத் தாங்காது. டியூஷன் பிள்ளைகளுக்கு டைனோசர் காட்டிச் சம்பாதிக்கலாம் என்பது நானாவின் திட்டம். முதல் பிள்ளையே தலை சுற்றி, புதிதாக வந்திருந்த போன் கவர்களின் மேல் வாந்தி எடுத்தது. எதிர்காலம் வந்துவிட்டது என்று விளம்பரத்தில் சொன்னார்கள். வந்தது உண்மைதான். ஆனால் ஹட்டன் மலை ஏறுவதற்குள் அதற்கும் மூச்சு வாங்கிவிட்டது.

அன்றோடு நானா அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் மட்டும் அதை நம்பினேன். உலகத்தில் எங்கே எது புதிதாக வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என் சுபாவம். இதற்குக் கண்ணை மூடியே ஆகவேண்டும் என்பது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

இந்த நேரத்தில்தான் தர்ஷினி வீட்டில் எங்கள் விஷயம் தெரிந்தது. தர்ஷினி நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பாலர் பாடசாலை டீச்சர். போன் கண்ணாடி மாற்ற எங்கள் கடைக்கு வந்தவள். (நான் மாற்றிய கண்ணாடி சீக்கிரமே விரிசல் விட்டதால் மறுபடியும் வந்தாள். என் வேலைத் திறமை எனக்குச் செய்த ஒரே நன்மை அது.) அவளுடைய அப்பா பழைய கங்காணி. காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பிப் பழகிய குரல். அந்தக் குரலில் ஒரே ஒரு நிபந்தனை வந்தது.

"நான் லயத்துல பொறந்தேன், லயத்துலயே கெழவனாயிட்டேன். என் மக இன்னொரு லயத்துக் காம்பராவுல போய் அடுப்பு ஊதக்கூடாது. பையனுக்குச் சொந்த வீடு இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

சொந்த வீடு எங்களுக்கு இருந்தது, கொஞ்சமாக. நோட்டன் பிரிட்ஜ் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாவுக்குக் கிடைத்த ஏழு பேர்ச்சஸ் காணி. அதில் அப்பாவும் நானும் போட்ட அத்திவாரம். அத்திவாரத்துக்குள் இடுப்பளவு புல். அதோடு அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் நானும் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய காம்பராக்களில் ஒன்றில்தான் இருந்தோம். தூது போன என் சித்தப்பாவோ, "வீடு இருக்கு, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்து நின்றார்.

"ஏன் சித்தப்பா அப்படிச் சொன்னீங்க?"

"அத்திவாரமும் வீட்டுல சேந்ததுதானடா!"

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். புத்தியுள்ளவன் போன் எடுத்து உண்மையைச் சொல்லியிருப்பான். நான் தொழில்நுட்ப ஆலோசகன். அத்திவாரத்தின் மேல் ஹெட்செட்டில் ஒரு வீட்டை நிறுத்திக் காட்டினால் என்ன? இணையத்திலிருந்து ஒரு வீட்டை இறக்கி, எங்கள் காணி அளவுக்குச் சுருக்கினேன். பனி கொட்டும் தேசத்தில் எவனோ வரைந்த வீடு. ஹோலில் குளிர்காயும் அடுப்பு, பின்னால் நீச்சல் குளம். குளத்தை மட்டும் அழித்தேன். (எதிலும் அடக்கம் வேண்டும் அல்லவா?) மனசாட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. இது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை, ரெண்டும் கலந்தது என்று அதற்குச் சமாதானம் சொன்னேன். பெட்டியிலேயே அப்படித்தானே போட்டிருக்கிறார்கள்.

ரியாஸ் நானா ஹெட்செட்டை என் கையில் தரும்போது பிள்ளையைத் தருவது போலத் தந்தார். "மகன், இந்தப் பொண்ணு சரிவராட்டி வேற பொண்ணு பாக்கலாம். இது ஒண்டுதான் ஈக்குது. பத்திரம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டு, மூட்டம் காணி வரைக்கும் இறங்கியிருந்தது. அம்மா வடை சுட்டு வைத்திருந்தார். தர்ஷினியின் அப்பாவும் அம்மாவும் பஸ்ஸிலிருந்து இறங்கி மேட்டில் ஏறி வந்தார்கள். முன்னால் மாமா, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பின்னால் அத்தை. இன்னும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமையும் நடையில் வேகம் குறையவில்லை. நேராகக் காணிக்கே அழைத்துப் போனேன். மாமா புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வீடு எங்க தம்பி?"

"இதுக்குள்ள இருக்கு மாமா" என்று ஹெட்செட்டை நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அது அப்டேட் கேட்டது. நான் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காகக் காணி முழுக்க நடந்தேன். அம்மா வடைத் தட்டோடு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்த அப்டேட்டும் தேவைப்படவில்லை.

ஒருவழியாக மாமாவின் தலையில் மாட்டினேன். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு, "அடி ஆத்தி, வீடு!" என்றார். இரண்டடி நடந்தார். நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டை ஒரு மனிதர் வீடென்று ஒப்புக்கொண்டுவிட்டாரே! ஈரப் புல்லில் அட்டை இருக்கும், வெறுங்காலோடு போகிறாரே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே போனதும் கங்காணி வேலையை ஆரம்பித்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். கை மறுபக்கம் போய் வந்தது. "சீமெந்து கொறைச்சுப் போட்டிருக்கான் தம்பி. யாரு மேசன்?" என்றார். அடுப்பை எதற்கு ஹோலில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வியர்வையில் விபூதி கரைந்து உள்கண்ணாடியில் அப்பியதில், "உள்ளுக்கும் மூட்டம் வருதே, ஜன்னலச் சாத்துங்க" என்றார். நான் சாத்த ஜன்னல் தேடிக்கொண்டிருந்தபோது, "நல்ல சோபா" என்று ஒரு குரல். திரும்புவதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். வேட்டியின் பின்பக்கம் முழுக்கச் சேறு. கணுக்காலில் ஓர் அட்டை நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. கங்காணி ஆயிற்றே, மரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை.

"சோபா கொஞ்சம் தாழ்வா இருக்கு தம்பி."

இதோடு நிறுத்தி, வடையைக் கொடுத்து, அப்படியே உண்மையையும் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் ஹெட்செட்டில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் மீதி இருந்தது.

"அத்தை, நீங்களும் பாருங்க. சாமான எல்லாம் புடிச்சு உங்க இஷ்டத்துக்கு இடம் மாத்தலாம்."

பொருட்களை இடம் மாற்ற, காற்றில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். இதைப் பெரியவர்களுக்குப் புரியவைப்பதுதான் எங்கள் கடையில் பெரும்பாடு. அந்தக் கணத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த யோசனை அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

"ஒண்ணும் கஷ்டம் இல்ல அத்தை. கொழுந்து கிள்ளுற மாதிரி கிள்ளுங்க. அவ்வளவுதான்."

அத்தை தலையை ஆட்டினார். மாமாவிடமிருந்து கழற்றி அவர் தலையில் மாட்டினேன். அவர் பார்ப்பது என் போனிலும் தெரியும்படி வைத்திருந்தேன். முதலில் சுவர்க் கடிகாரத்தைக் கிள்ளினார். அழகாகக் கையோடு வந்தது. "பாத்தீங்களா!" என்று நான் போனை மாமா பக்கம் திருப்பினேன். அத்தை அந்தக் கடிகாரத்தை, எத்தனையோ வருஷமாகச் செய்துவந்தபடி, தோளுக்குப் பின்னால் வீசினார். கூடைக்குள் விழுவதற்காக.

அடுத்தது திரைச்சீலை. அதற்கடுத்தது மேசை விளக்கு. பிறகு இரண்டு கையும் சேர்ந்துகொண்டன. ரைஸ் குக்கர், கோப்பைகள், பிரிட்ஜ், டீவி என்று வரிசையாகக் கிள்ளிப் பின்னால் போட்டுக்கொண்டே நிரை பிடித்து முன்னேறினார். நாம் ஒன்றை என்னவென்று பார்ப்பதற்குள் அது போய்விடும். மாமா உட்கார்ந்த சோபாவும் போனது.

"அத்தை, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

மலையில் கொழுந்தெடுக்கும்போது பின்னாலிருந்து ஒருவன் கத்தினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. அத்தையின் கை இன்னும் வேகமெடுத்தது. மாமா நிலைமை புரிந்து தன் பழைய குரலில், "ஏய், போதும்!" என்று ஓர் அதட்டல் போட்டார். அதுதான் மிகப்பெரிய தப்பு. கங்காணி குரல் கேட்டதும் கதவு, ஜன்னல், நாலு சுவர் எல்லாம் பறந்தன. கடைசியாக அத்தை நிமிர்ந்து, கையை உயர்த்தி, கூரையைக் கிள்ளி எடுத்துப் பின்னால் போட்டார்.

காணி வெறுமையாக இருந்தது. போனிலும் வெறுமைதான். அத்தை முகத்தில் பெட்டியோடு என் பக்கம் திரும்பினார்.

"முடிஞ்சிருச்சு தம்பி. கொழுந்த எங்க நிறுக்கிறது?"

பெட்டியைக் கழற்றியபோது அவர் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். அத்திவாரத்தையும் புல்லையும், படுக்கையறை இருந்த இடத்தில் மேய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆட்டையும் பார்த்தார். நடந்தது விளங்கியதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன்.

மாமா சிரிக்கவில்லை. "தம்பி, வீடு இருக்குன்னீங்க. எங்க ஆளு ஒரு நிரை கிள்ளுறதுக்குள்ள அது இல்லாமப் போச்சு. அதுக்குள்ள என் மகள எப்படி அனுப்புறது?"

அந்த மனிதர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. தர்ஷினி இனி இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

"வீடு இல்ல மாமா. இந்த அத்திவாரந்தான் இருக்கு. அப்பாவும் நானும் போட்டது."

மாமா அத்திவாரக் கல்லின் மேல் ஏறி நின்று, வெறுங்காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். பிறகு இறங்கிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"கூரை போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க. அப்புறம் பேசுவோம்."

வடையைத் தொடாமலே போய்விட்டார்கள். மறுநாள் தர்ஷினி பேசினாள். "அப்பா வாயே தொறக்கல. ஆனா அம்மா பஸ்ஸுல வழி முழுக்கச் சிரிச்சிருக்காங்க. என்கிட்ட சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறாங்க. மலைக்குப் போய்ட்டு வந்தா அசந்து படுக்குற மனுஷிங்க அவங்க, இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நீங்க சீக்கிரம் கூரை போடுங்க."

ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்தபோது ரியாஸ் நானா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் பதியும் பஞ்சுக்குள்ளிருந்து ஓர் அட்டை தலையை நீட்டியது. நானா அன்றைக்குத் துள்ளிய துள்ளலை எந்த டைனோசரும் துள்ளியிருக்காது. அதன் பிறகு அந்தப் பெட்டியை அவர் கையால் தொட்டதே இல்லை.

வீடு கட்டினேன். இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, தகரக் கூரை. லீவு நாளெல்லாம் கல் சுமந்தேன். என் முதுகுக்கு எந்த அப்டேட்டும் வரவில்லை. சீமெந்து மட்டும் குறைக்கவில்லை.

பால் காய்ச்சும் நாளில் மாமா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து யாரிடமும் பேசாமல் சுவரில் உள்ளங்கையை வைத்து, பலம் கொண்ட மட்டும் தள்ளினார். கை உள்ளே போகவில்லை.

"சரி மாப்பிள்ளை" என்றார்.

அதுவரை தம்பி, தம்பி என்றவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பின்னாலேயே அத்தை வந்தார். பட்டுச் சேலை, முதுகில் கொழுந்துக் கூடை, அதன் கயிறு தலையில். ஹோலின் நடுவில் கூடையை இறக்கி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு சுவர்க் கடிகாரம். திரைச்சீலை. மேசை விளக்கு. கோப்பைகள். ரைஸ் குக்கர்.

"இந்தாங்க, அன்னைக்கு நான் பறிச்சது. நிறுத்து எடுத்துக்கங்க. சோபா மட்டும் கூடையில அடங்கல."

இப்போதும் எங்கள் வீட்டில் ரிமோட்டைக் காணோம், சாவியைக் காணோம் என்று நான் தேடினால், தர்ஷினி குசினியில் இருந்தபடியே, "அம்மா கூடையில பாருங்க" என்பாள். சோபா இன்னும் வாங்கவில்லை. நாலு கதிரைகள்தான் இருக்கின்றன. மாமா வரும்போதெல்லாம் ஒரு கதிரையை இழுத்து, கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்.