நாற்பத்தொரு இடது கால்கள்

இப்போதெல்லாம் தன் உடம்புக்கு என்ன என்பதைக்கூட மனுஷனுக்கு ஃபோன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு தலை வலித்தால் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். இப்போது ஃபோனைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெரியவர் அப்படித்தான் மாட்டினார்.

அந்த வாரத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா வந்து எல்லாருக்கும் ஊசி குத்திவிட்டுப் போயிருந்தார். பாரம் பாரமாக அட்டை சுமக்கிற தடியன்கள்கூட ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்க மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியவரும்தான். நாலு நாள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் சாப்பிடும்போது பேக்கிங் அக்கா ஃபோனை நீட்டினாள்.

"பாருங்கண்ணே, தடுப்பூசி போட்டா இடது கால் மரத்துப்போகுதாம். மூணு லட்சம் பேர் பார்த்திருக்காங்க."

"மூணு லட்சம் பேர் பார்த்தா நெசமாயிடுமா? போம்மா!"

எழுந்தார். இடது கால் மரத்திருந்தது. அரைமணி நேரமாக அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

நேரே சூப்பர்வைசரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். "தம்பி, நமக்குள்ள இருக்கட்டும். வண்டிய மட்டும் புடுங்கிடாத." முப்பது வருஷமாக அந்த இருக்கையில் வேறு ஆளை உட்காரவிட்டதில்லை அவர்.

சூப்பர்வைசர் அதைப் படம் பிடித்து ஃபேக்டரி குரூப்பில் போட்டார்: 'வேறு யாருக்காவது இருக்கிறதா?'

சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு இடது கால்கள் மரத்துவிட்டன. ஒரு வலது கால்கூட இல்லை.

மேனேஜர் பதறி ஓடிவந்தார். "கால் மரத்தவங்க யாரும் மெஷினைத் தொடக்கூடாது! பெரியவரே, வண்டிச் சாவியக் குடுங்க!"

"எனக்குச் சரியாயிடுச்சு சார்! பாருங்க!"

பெரியவர் குதித்தார். ஒற்றைக் காலில் நொண்டியடித்தார். கையைக் காலை உதறி ஒரு ஆட்டமே போட்டுக் காட்டினார். சாவி திரும்பி வரவில்லை. பேக்கிங் அக்கா மட்டும் வீடியோ எடுத்தாள்.

மறுநாள் அதை உலகமே பார்த்தது: 'ஊசி போட்ட முதியவர் துடிதுடிக்கும் காட்சி.' மகன் ஃபோனில் அழுதான். "அப்பா, எந்த ஆஸ்பத்திரி? எந்த வார்டு?"

"வீட்லதாண்டா இருக்கேன், மடையா!"

"பேச்சுகூட குளறுதேப்பா!"

திங்கட்கிழமை வாசலில் டிவிக்காரர்கள். "நான் நல்லாத்தான்யா இருக்கேன்" என்றார் பெரியவர். 'உண்மையைச் சொல்லவிடாமல் மிரட்டலா?' என்று திரையில் எழுத்து ஓடியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நர்ஸம்மா ஐஸ் பெட்டியோடு வந்தார். "அடேயப்பா, ஊசி போட்டுக்க இவ்வளவு கூட்டமா?"

"இன்னொண்ணா?" மேனேஜர் அலறினார். "போன வாரம் போட்டதுக்கே நாற்பத்தொரு கால் போச்சும்மா!"

நர்ஸம்மா திகைத்து நின்றார். பிறகு வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டைக் காட்டினார். நர்ஸம்மா எந்தெந்தத் தேதியில் எதற்கு வருவார் என்று மேனேஜரே கையெழுத்துப் போட்ட காகிதம், பத்து நாளாக அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"போன வாரம் சர்க்கரை பார்க்க ரத்தம்தானே சார் எடுத்தேன்? தடுப்பூசி இன்னும் இந்தப் பெட்டிய விட்டே வெளிய வரலை."

கேமரா தானாகக் கீழே இறங்கியது. மேனேஜர் சாவியை நீட்டினார்.

"வாங்கய்யா, முதல் ஊசி உங்களுக்குத்தான்" என்றார் நர்ஸம்மா.

பெரியவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"போடாத ஊசிக்கே இந்தப் பாடுன்னா, போட்டா என்ன ஆகும்?"

சொல்லிவிட்டுத் தன் வண்டியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.