வாளி அண்ணை பிடித்து வைத்த இடம்

பாரிஸ் நகரத்தில் வரிசையில் நிற்காமலேயே வரிசையில் நின்ற ஒரே மனிதர் எங்கள் வாளி அண்ணைதான். சத்தியமாகச் சொல்கிறேன்.

லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை இறக்குகிற வேலை அவருக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். நான் மதுரைக்காரன், கம்ப்யூட்டர் வேலை. ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை. ரொட்டிக் கடையோ தபால் நிலையமோ, வரிசை இருந்தால் போதும், தன் இடத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார். ஓர் அலுவலகத்தில் அதைப் பார்த்து குண்டு என்று பயந்து எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். அண்ணைக்கு வந்ததே கோபம்!

"விசர்ச் சனம் தம்பி! உங்கட மண்டபம் முகாமிலை நாலு வருசம் இருந்தனான். தண்ணி வரிசையிலை வாளி நிண்டால் ஆள் நிண்ட மாதிரி. ஒருத்தனும் தொடமாட்டான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவரையும் தேடி ஒரு ஈ காக்கா வராது. மத்தியானம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வருவார். பாலஸ்தீன அகதி முகாம்களைப் பற்றி பிரெஞ்சில் ஒரு தொடர். இருபது வருடம் இருந்தும் அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு வணக்கமும் நன்றியும்தான். நான் தமிழில் சொல்லச் சொல்ல, ரேடியோக்காரரையே திருத்துவார்.

"மழை எண்டு சொல்லுறான், தகரச் சத்தத்தைக் காணேல்லையே? ஆள் கூரைக்குக் கீழை நிக்கேல்லை, கண்டியோ!"

அந்தத் தொடரில் ஒரு பெண் வந்தாள். முகாமை விட்டுப் போன தங்கை திரும்பி வருவாள் என்று, தினமும் தண்ணீர் வரிசையில் அவளுக்கும் சேர்த்து இரண்டு வாளி வைப்பாளாம். அதைச் சொன்னதும் அண்ணை ரேடியோவைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். கடைசி வாரம் குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தோடு தொடர் முடிந்துவிட்டது.

"தங்கச்சி வந்தவளோ?"

"சொல்லலையே, அண்ணே."

"உதென்ன முடிவு? கடிதம் எழுதிக் கேள்!"

"ரேடியோக் கதைக்குப் போய் யாராச்சும் லெட்டர் போடுவாங்களா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்ரை தங்கச்சி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு மண்டபத்திலை இருந்து ஊருக்குப் படகேறினவள். ரெண்டு வருசம் அவளுக்கும் ஒரு வாளி வைச்சனான்."

அன்றைக்கே ரேடியோ நிலையத்துக்கு எழுதிப் போட்டேன்.

அடுத்த நாள் பார்த்தால், கீழே தபால் பெட்டிக்கு அடியில் நீல வாளி! பதிலுக்கு இடம் பிடிக்கிறாராம். கட்டடம் பெருக்குகிற அம்மா தினமும் அதை எடுத்துக் குப்பைத் தொட்டிப் பக்கம் வைப்பார். அண்ணை தினமும் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். அந்த அம்மா பிரெஞ்சில் திட்ட, இவர் தமிழில் பதில் சொல்ல, இரண்டு மாதம் கட்டடமே அமர்க்களப்பட்டது. அவரோடு தினமும் பேசிய ஒரே ஆள் அந்த அம்மாதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஒருநாள் பதில் வந்தது. நாலே வரி. ஒலிப்பதிவு பழையது, அந்தப் பெண்ணோடு இப்போது தொடர்பு இல்லை, மன்னிக்கவும். அண்ணை குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"வந்துட்டாங்களாம், அண்ணே! ரேடியோவுல பேசின அன்னைக்குச் சாயங்காலமே! அக்கா வரிசையில நிக்கும்போது பின்னாடி வந்து கண்ணைப் பொத்தினாங்களாம். அவங்க அம்மாவும் கூட வந்தாங்களாம்..."

அண்ணை கடிதத்தை வாங்கி, விரலால் வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நாலு வரிதான் கிடக்குது. நீ பெரிய கதையெல்லோ வாசிக்கிறாய்."

நான் தலையைத் தொங்கப்போட்டேன். அவர் கடிதத்தை மடிக்காமல் என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இன்னொருக்கா வாசி, தம்பி."

வாசித்தேன். இந்த முறை கதையில் தங்கை வந்ததும், அவளுக்காக இத்தனை காலம் வரிசையில் நின்ற வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.