கந்தவேலுக்கு அழைப்பு போகாத காரணம்

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

வாழப்பாடியில் குடியிருக்கும் என் உடன்பிறந்தான் கந்தவேலுக்கு அக்கா சாரதாமணி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. அங்கே நீயும் உன் வீட்டுக்காரி பிரபாவும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். எத்தனை முறை அடித்தாலும் நீ போனை எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

அடுத்த வெள்ளிக்கிழமை உன் மருமகன் சரவணக்குமார் புது வீட்டில் பால் காய்ச்சுகிறான். ஊருக்கெல்லாம் போனில் அழைப்பு போயிருக்க, தாய்மாமனான உனக்கு மட்டும் வரவில்லை என்று நீ கொதித்துப் போயிருப்பதாக உங்கள் ஊருக்கும் நம் ஊருக்கும் சேதி சுமக்கிற அப்புசாமி வந்து சொன்னான். "கந்தவேல் மாமன் ஊட்டுப் பக்கம் போனாலே அனல் அடிக்குதுங்க பெரிம்மா" என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை விட்டது நானும் இல்லை, சரவணனும் இல்லை, கம்ப்யூட்டர். அது எப்படி என்று விளங்கக் கொஞ்சம் படிப்பு வேண்டும். ஐந்தாவது படித்த எனக்கே விளங்கியது; நீ எட்டாவதில் இரண்டு வருஷம் இருந்தவன், நிதானமாகப் படி.

பேத்தி மோனிஷா சேலத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் எஸ்க்யூஎல் என்று ஒன்று படிக்கிறாள். அது கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்கிற பாஷை. தகவலையெல்லாம் கட்டம் கட்டமாக வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு கட்டம். செலக்ட் என்றால் என்னென்ன வேண்டும், ஃப்ரம் என்றால் எந்தப் பட்டியலிலிருந்து, வேர் என்றால் எப்படிப்பட்டவர்களை மட்டும். இவ்வளவுதான். ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது, தற்பெருமைக்குச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தை வைத்துப் பழகுங்கள் என்று வாத்தியார் சொன்னாராம். மற்ற பிள்ளைகள் சினிமாவையும் கிரிக்கெட்டையும் எடுத்துக்கொள்ள, நம் பிள்ளை சொந்தக்காரர்களை எடுத்துக்கொண்டாள். "அப்பத்தா, நீங்க பேரச் சொல்லுங்க, நான் ஏத்திடறேன். அழைப்பு அதுவா போயிரும்" என்றாள். நானும் ஒருத்தர் விடாமல் சொன்னேன்.

முதலில் வேர் போடாமல் கேட்டுவிட்டாள். எல்லோரும் வந்துவிட்டார்கள், எல்லோரும் என்றால் என் மாமனார் உட்பட. மரியாதைக்காக நான்தான் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரையும் சொல்லியிருந்தேன். "பெரிய தாத்தாவுக்கு அழைப்பு எந்த நம்பருக்குங்க அனுப்பறது?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, இருப்பவர்களை மட்டும் கொடு என்று திருத்தினாள். அதில் நம்மோடு சண்டையில் இருப்பவர்களும் வந்தார்கள். அதற்காகப் 'பேச்சுவார்த்தை' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள், உண்டு அல்லது இல்லை. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எடப்பாடி பச்சமுத்து சித்தப்பா?"

"வேலியத் தள்ளி நட்டவனாச்சே. இல்லைன்னு போடு."

"வாழப்பாடி தாத்தா?"

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்தினேன். உன் மகள் கல்யாணத்துக்கு ரோட்டில் கட்டிய ஃபிளெக்ஸில், வேறு போட்டோவே கிடைக்காதது போல என் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தாய். போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தேன். பஸ்ஸில் போனவர்களெல்லாம் பார்த்தார்கள். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு நாம் சாவு வீட்டில் பேசிக்கொள்கிறோம், கல்யாண வீட்டில் பேசிக்கொள்வதில்லை. இதை உண்டு என்பதா, இல்லை என்பதா? நீயே சொல்.

"அத இப்பத்திக்கு உடு கண்ணு, அப்புறம் சொல்றேன்" என்றேன். அதற்குள் அடுப்பில் குழம்பு பொங்கிவிட்டது.

அவள் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, 'இல்லை' என்று போட்டவர்களைத் தவிர மற்றவர்களைக் கொடு என்று கேட்டாள். உன்னைத் தவிர அத்தனை பேரும் வந்தார்கள். வந்தவர்களுக்கு அழைப்பு போய்விட்டது. அப்புசாமி சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். பிடித்துக்கொண்டேன் பேத்தியை.

"'இல்லை'ன்னு இருக்கறவங்களத் தவிரன்னுதானே கேட்ட? என்ற தம்பி 'இல்லை'யில இல்லியே!"

"'உண்டு'லயும் இல்லீங்களே அப்பத்தா. காலியா இருந்தா அதுக்கு 'நல்'னு பேரு. என்னன்னே தெரியாதுன்னு அர்த்தம். தெரியாதவங்கள அது தராதுங்க."

"என்ற தம்பிய அதுக்குத் தெரியாதாமா? இடுப்புல தூக்கி வளத்தவ நான்!"

"அது உங்களுக்குத் தெரியுமுங்க. அதுக்கு நீங்க சொன்னாத்தானே தெரியும்?"

வாய் நீளத்தைப் பார். உன் பக்கத்து ரத்தம். காலியாக இருப்பவர்களைத் தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டுமாம். கேட்டாள். அவ்வளவு பெரிய திரையில் ஒரே ஒரு வரிசை வந்தது. உன் பெயர், உன் ஊர், உன் நம்பர், பக்கத்தில் வெறும் கட்டம். பச்சமுத்துவுக்காவது ஒரு பதில் போட்டிருக்கிறேன். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, கந்தவேலு.

இப்போது சரவணன் ஒரே பிடியாக நிற்கிறான். "மாமன் வந்து சீர்த்தட்டு வெக்காம அடுப்புப் பத்த வெக்க மாட்டனுங்கம்மா, சொல்லிப்போட்டேன்" என்கிறான். ஐயர் குறித்த நேரம் உன் கோபத்துக்காகக் காத்திருக்காது. பிறந்த வீட்டு ஆள் இல்லாமல் நான் எந்த முகத்தோடு அந்த வாசலில் நிற்பேன்? தவறு கம்ப்யூட்டருடையது, மன்னிப்பு அக்காவுடையது என்று வைத்துக்கொள். கோபத்தை விட்டுவிட்டு முந்தின நாளே வந்துவிடு. பிரபாவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். குலசாமி உங்களுக்குக் குறை ஒன்றும் வைக்காது.

இப்படிக்கு உன் கோபத்துக்குப் பயந்திருக்கும்
அக்கா சாரதாமணி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பிரபா போன் செய்தாள். நீ ரிக் வண்டியோடு ஒடிசா பக்கம் போர்வெல் போடப் போயிருக்கிறாயாம், அங்கே டவரே கிடையாதாம், விசேஷம் இருப்பதே உனக்கு இன்னும் தெரியாதாம். "நம்மூட்டு விசேஷத்துக்கு நமக்கெதுக்குங்க அண்ணி அழைப்பு? சீர்த்தட்டெல்லாம் வாங்கியாச்சு, அவரு வியாழக்கெழம வந்தோன்ன கூட்டியாறேன்" என்கிறாள். அப்படியானால் நீ கோபப்படவே இல்லை! அப்புசாமியை எதை நம்பி வீட்டுக்குள் விட்டேனோ தெரியவில்லை. இவ்வளவையும் வீணாக எழுதியிருக்கிறேன், ஆகையால் மேலே உள்ளது எதையும் படிக்காதே, மன்னிப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆனால் ஒன்று. அக்கா அழைக்கவில்லையே என்று ஒருவன் கோபப்படாமலே வந்து நின்றால் சம்பந்திக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? வரும்போது வாசலிலேயே நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி என்னை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு உள்ளே வா.