முப்பத்தாறாவது சொட்டு

ஏ.எல். பரீட்சையில் கெமிஸ்ட்ரிக்கு ஒரு ‘சி’ எடுத்தவனுக்கு இந்த உலகத்தில் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். தலைவலி மாத்திரை அட்டையின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கக்கூட என்னிடம்தான் வருவார்கள். நானும் வாசித்துவிட்டு, எழுதியிருப்பதைவிட இரண்டு வரி கூடுதலாகவே சொல்லி அனுப்புவேன்.

அந்தத் திமிரோடுதான் நாலந்தா பக்கம் புதிதாகத் திறந்த ஹோட்டல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். சண்டை நிறுத்தம் வந்திருந்த நேரம். ரோட்டில் வெள்ளைக்காரர்களை ஏற்றிய பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. ஹோட்டல் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். மாத்தளை டவுனில் மிளகு, ஏலம், சாதிக்காய் வியாபாரம் செய்து வந்தவர். டுபாயில் ஏதோ ஹோட்டலில் பவளம் வளரும் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, தன் ஹோட்டலின் முன்கூடத்திலும் அப்படி ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். கடலோ எங்களுக்கு மூன்று மணி நேரம் அப்பால். திருகோணமலையிலிருந்து பீப்பாய்களில் கடல் தண்ணீர் லொறியேறி வந்தது. (மீனுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறோம் என்றால் செக் பொயின்டில் யார் நம்புவார்? ஒரு சிப்பாய் விரலை விட்டு நக்கிப் பார்த்து, துப்பிவிட்டு, போகச் சொன்னாராம்.)

தொட்டியை அமைத்துக் கொடுத்தவர் டுபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஹாஜியாரின் மருமகன். திரும்பிப் போகுமுன் இரண்டு நாள் எனக்குப் பாடம் நடத்தினார். பவளம் தன் கூட்டைக் கட்டிக்கொள்ளத் தண்ணீரிலிருந்து சத்தை இழுத்துக்கொண்டே இருக்குமாம். அதனால் தண்ணீரின் காரத்தன்மை நாளுக்கு நாள் குறையும். குறைந்ததை அப்பச்சோடா கரைத்து ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னப் போத்தலில் மருந்து தந்தார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆட்ட வேண்டும். முதல் சொட்டில் தண்ணீர் பச்சையாகும். அது எத்தனையாவது சொட்டில் சிவப்பாக மாறுகிறதோ அதுதான் கணக்கு. எட்டு, ஒன்பது வந்தால் நல்லது.

விளங்கிச்சா என்று கேட்டார். “டைட்ரேஷன்தானே,” என்றேன், அதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்பது போல.

அவர் விமானம் ஏறிய மறுநாள் தனியாகச் செய்தேன். எட்டுச் சொட்டு விட்டேன். மாறவில்லை. பதினைந்து விட்டேன். மாறவில்லை. முப்பத்தைந்தில் கை வலித்து நிறுத்தினேன். சாம்பலாக ஆரம்பித்த தண்ணீர் சாம்பலாகவே இருந்தது. (பச்சை என்று அவர் சொன்னதை இதுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.) கொஞ்சம் மூளையுள்ளவன் மருந்தைச் சந்தேகித்திருப்பான். இன்னும் கொஞ்சம் மூளையுள்ளவன் தன்னையே சந்தேகித்திருப்பான். நான் மருமகனைச் சந்தேகித்தேன். மனுஷன் சோடாவை அள்ளிக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார், காரம் கண்டபடி ஏறிக் கிடக்கிறது என்று முடிவு கட்டினேன்.

காரத்தை முறிப்பது அமிலம். குசினியில் அச்சாறு போடும் வினாகிரி இருந்தது. சோடாவை அடியோடு நிறுத்திவிட்டு, தினமும் காலையில் ஒரு கோப்பை வினாகிரியைத் தொட்டியில் ஊற்றினேன். மறுபடி சோதித்தால் மறுபடியும் முப்பதுக்கு மேல். ஒன்றரைக் கோப்பையாக்கினேன். ஐந்தாம் நாள் தண்ணீர் அரிசி கழுவியது போலக் கலங்கியது. பவளங்கள் மடக்கிய விரல்கள் போலச் சுருங்கிக்கொண்டன. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காரம் இறங்கும்போது அப்படித்தான் களைப்பு வரும் என்று குசினிக்காரருக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

ஆறாம் நாள் ஹாஜியார் கொழும்பிலிருந்து ஒரு டுவர் ஏஜெண்டைப் பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். கூடவே வயதான வெள்ளைக்காரத் தம்பதி. ஏஜெண்டுக்கு இடம் பிடித்துவிட்டால் கிழமைதோறும் பஸ் வரும், பிடிக்காவிட்டால் உங்களில் பாதிப்பேரை வேலையை விட்டு அனுப்பத்தான் வேண்டிவரும் என்று முதல் நாளே எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

முன்கூடத்துக்குள் வந்ததும் ஹாஜியார் மூக்கைச் சுருக்கி என் காதருகில் கேட்டார்.

“என்ன மகன், அச்சாறு மணக்குது?”

ரசாயன மாற்றம் என்றேன். ஏஜெண்ட் கலங்கிய தொட்டியைப் பார்த்து முகம் சுளிப்பதைக் கண்டேன். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் நானாகவே முன்னுக்கு வந்து, தண்ணீரை நாங்கள் விஞ்ஞான முறைப்படி எப்படிப் பராமரிக்கிறோம் என்று காட்டுகிறேன் என்றேன். குசினியில் வாங்கிய வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, குழாயை உயர்த்திப் பிடித்து, இங்கிலீஷில் சத்தமாக எண்ணத் தொடங்கினேன்.

ஐந்து என்றதும் வெள்ளைக்கார அம்மா சந்தோஷமாகக் கைதட்டினார். என் உச்சரிப்புக்காக என்று நினைத்து லேசாகத் தலைகுனிந்துவிட்டுத் தொடர்ந்தேன். ஏழில் கைதட்டல் நின்றது. பன்னிரண்டில் ஏஜெண்ட் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் கூரையைப் பார்த்தார். இருபதில் குசினி ஆட்கள் கதவடியில் கூடிவிட்டார்கள். முப்பத்தாறாவது சொட்டோடு போத்தல் காலியானது.

“மாறவே மாட்டேங்குதுங்க ஹாஜியார். காரம் அவ்வளவு கூடிப்போச்சு.”

துணி மடிக்கும் வேலையிலிருந்த கலா, பக்கத்து ஊரான நாவுலவிலிருந்து வந்த பிள்ளை, கையில் சாப்பாட்டு மேசைத் துணிகளோடு நின்றிருந்தாள். தணிந்த குரலில் சொன்னாள்.

“ராஜன் அண்ணன், அது அஞ்சாவது சொட்டுலயே செகப்பாயிருச்சு.”

“எது?”

“ஒங்க கையில இருக்கிறது.”

குழாயைப் பார்த்தேன். சாம்பல். அவள் கையிலிருந்து இரண்டு சின்னத் துணிகளை உருவி நீட்டி, இது ரெண்டும் என்ன நிறம் என்று கேட்டாள். ரெண்டும் ஒரே நிறந்தானே என்றேன். ஒன்று வெளிறிய பச்சையாம், மற்றது ரோசாவாம். அந்த வெள்ளைக்காரத் தாத்தா, தன் தம்பிக்கும் இப்படித்தான் சில நிறம் பிரித்துத் தெரியாது என்று ஏஜெண்டிடம் சொன்னார். ஏஜெண்ட் சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் இந்தக் கண்களோடு திரிந்த எனக்கு அன்றுதான் செய்தி கிடைத்தது, அதுவும் அத்தனை பேர் முன்னால்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. “அப்ப நீ கெமிஸ்ட்ரி எப்படி மகன் பாஸ் பண்ணின?” என்றார்.

உண்மையைச் சொன்னேன். ஸ்கூல் லெப்பில் பக்கத்திலிருந்த கூட்டாளி நிறத்தைப் பார்த்துச் சொல்வான், நான் இலக்கத்தை எழுதுவேன்.

அன்று பின்னேரமே தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, மிச்சமிருந்த பீப்பாய்களிலிருந்து புதுக் கடல்நீர் ஊற்றினோம். சோடாவை ஒரேயடியாகக் கொட்டி இன்னொரு கூத்து ஆடாமல், மருமகன் எழுதிவைத்த தாளைக் கலா வாசிக்க வாசிக்கத் தினம் கொஞ்சமாகக் கரைத்து விட்டோம். இரண்டு பவளத் துண்டுகள் வெளுத்துச் செத்தன. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மீன்கள் பிழைத்தன. புது மருந்துப் போத்தலை ஏஜெண்டே தன் ஆட்களை ஏற்றி அனுப்பிய முதல் பஸ்ஸில் கொடுத்துவிட்டார்.

ஹாஜியார் என்னை அனுப்பவில்லை. ஆனால் இனிமேல் சோதனைக்கு இரண்டு பேர் என்று உத்தரவு போட்டார். தினமும் காலையில் நான் சொட்டு விடுவேன், கலா பார்த்து “போதும்” என்பாள். ஒரு கண்ணாடிக் குழாயை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு வருடம் நின்றால் என்ன ஆகும்? கல்யாணம் ஆனது. (‘அண்ணன்’ என்று கூப்பிட்டுப் பழகிய வாயைத் திருத்தத்தான் பெரும்பாடு.)

இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் நான் ஏதாவது விஷயத்தை அடித்துப் பேசத் தொடங்கினால், எங்கள் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் விரல்விட்டு எண்ண ஆரம்பிப்பாள். ஐந்து வந்ததும் கலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “செகப்பாயிருச்சு” என்பாள்.

நான் நிறுத்திவிடுவேன். அநேகமாக ஏழு, எட்டுக்குள் நிறுத்திவிடுவேன்.