தொண்ணூற்றாறுக்குப் பின் எண்பத்தொன்று

உலக இலக்கிய விமர்சனத்தைத் தூக்கி நிறுத்திய தொகை இரண்டாயிரத்து நானூற்று எழுபத்தைந்து. பதிப்பகத்தில் புத்தகக் கட்டு சுமந்ததற்கு முதலாளி எனக்குத் தரவேண்டிய கூலி அது.

"ரொக்கம் இல்லப்பா. இந்த நாவலை எடுத்துட்டுப் போ. படிச்சிட்டு வந்து விமர்சனக் கூட்டத்துல ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசு, கூலியைப் பார்த்துக்கலாம்" என்றார்.

அது 'ஆன்மிகக் காதல் மர்ம நாவல்'. அட்டையில் ஒரு பெண், ஒரு துப்பாக்கி, நடுவில் வானத்திலிருந்து வெளிச்சம். பின்னட்டையில்: 'படிப்பவர் வாழ்வையே மாற்றும்!'

"வீட்டுக்காரர் வாடகைக்குப் பதிலா காதலை வாங்கிக்குவாராமா?" என்று கேட்டாள் மனைவி. இலக்கிய ரசனை இல்லாதவள்.

நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன் நான். வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்தித்தான் படிப்பேன். பதினெட்டு நாள் ஆயிற்று. அனாதை இல்லப் பணத்தை வில்லன் திருடுகிறான்; அதைக் கண்ணால் பார்த்த நர்ஸைக் கடத்துகிறான். கடவுள்மேல் கோபமாக இருந்த போலீஸ்காரர், தோட்டா காதோரம் போனதும் சமாதானமாகிவிடுகிறார்.

கூட்டத்துக்குப் பதினோரு விமர்சகர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே இரவில் படித்த மேதைகள். "கீழே வைக்கவே முடியல" என்றார்கள். சிலருடைய புத்தகத்தில் பக்கங்களே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

என் முறை வந்தது.

"நல்ல கதைங்க. ஆனா தொண்ணூத்தாறாம் பக்கத்துல நர்ஸை மீட்டுடுறாங்க. அடுத்த பக்கம் மறுபடி எண்பத்தொண்ணு. அதே வேன், அதே மஞ்சள் சட்டை, திரும்பவும் கடத்திட்டுப் போறான். பதினாறு பக்கத்தை ரெண்டு தடவை வச்சுத் தைச்சிருக்காங்க."

பதினோரு புத்தகங்கள் அவசரமாகத் திறந்தன.

"அது... அது ஒரு உத்தி!" என்றார் மூத்த விமர்சகர். "துன்பம் திரும்பத் திரும்ப வரும் என்கிற தத்துவம்!"

பத்துத் தலைகள் ஆடின. முன்வரிசையில் இருந்த, நாவலை எழுதிய எழுத்தாளர் அம்மாவின் தலை மட்டும் ஆடவில்லை.

முதலாளி சட்டென்று எழுந்து என் தோளில் கை போட்டார். "அண்ணன் நம்ம வீட்டு ஆள். இவருக்கு நான் கொஞ்சம் கூலி பாக்கி. ஆனா நாவல் என்ன சொல்லுது? கடைசியில கதாநாயகி வில்லனையே மன்னிச்சிடுறா! அண்ணனும் நம்மளை மன்னிச்சிடுவாரு. என்னண்ணே?"

கைதட்டல் கூரையைத் தொட்டது.

"மன்னிக்கிறாங்க முதலாளி. ஆனா அது இருநூத்திப் பதிமூணாம் பக்கம். இருநூத்திப் பன்னெண்டுல அவன் பணத்தை எண்ணி மேசையில வச்சிடுறானே. நீங்க படிக்கலீங்களா?"

எழுத்தாளர் அம்மா மெல்ல முதலாளி பக்கம் திரும்பினார். "ஆமா, நீங்க படிக்கலையா?"

முதலாளி மேசையில் எண்ணி வைத்தார். இரண்டாயிரத்து நானூற்று எழுபத்தைந்து. அதன்பின் நானும் அவரை முறைப்படி மன்னித்தேன்.

பின்னட்டையில் பொய்யே இல்லை. அந்த நாவல் படிப்பவர் வாழ்வை மாற்றத்தான் செய்கிறது. அந்த அறையில் என் ஒருவன் வாழ்வு மட்டும்தான் மாறியது.