கணிதச் சோதனைக்குப் பதினாறு சாட்சிகள்

"தம்பி குகன், உம்மட மகளை இந்தப் புதன்கிழமையும் ரயில் ஸ்டேசனில கண்டனான்," என்றார் நவரத்தினம்.

டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை அது. அங்கே வேலை செய்யும் தமிழர் அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"போன புதனும் கண்டனான். அதுக்கு முதல் புதனும்."

குகநேசன் சோற்றுப் பெட்டியை மூடினார். மகள் மேனுஜாவுக்குப் பதினெட்டு வயது. ஏறுவது பின்னேர ரயில். இந்த இரண்டும் போதும், மிச்சத்தைச் சனம் தானே எழுதிக்கொள்ளும்.

"யுனிவர்சிற்றிக்குப் போறாள் அண்ணை. கணிதம். புதன்கிழமைதான் வகுப்பு."

"ஜிம்னாசியத்தில உயர்தரமே இன்னும் முடிக்கேல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு யுனிவர்சிற்றியில என்ன வேலை?"

"கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு விடுறாங்கள். பள்ளிக்கூடத்தோட சேர்த்தே யுனிவர்சிற்றிப் பாடம் ஒண்டு படிக்கலாம். சோதனையும் எடுக்கலாம்."

"ஓம், ஓம்," என்றார் நவரத்தினம். அவர் இரண்டு தடவை ஓம் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.

மறுநாள் குகநேசன் அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். நவரத்தினம் கண்ணாடியைப் போட்டு, எழுத்தில்லாத பின்பக்கத்தையும் வாசித்தார். "இப்ப இதெல்லாம் வீட்டிலேயே அடிக்கலாம், என்ன?"

சனிக்கிழமை கோயிலுக்குப் போனபோது, குகநேசன் மகளுக்காகக் கள்ளக் கடிதம் அடித்த தகப்பன் ஆகியிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து யுனிவர்சிற்றியின் விதிகளைத் தோண்டினார். டென்மார்க்கில் வாய்மொழிச் சோதனை பகிரங்கமானது. விரும்பிய எவரும் போய்ப் பின்னால் இருந்து கேட்கலாம். டெனிஷ்காரர் போவதில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

"ஜூன் ஒன்பதாம் திகதி வாங்கோ அண்ணை. உங்கட கண்ணால பாருங்கோ."

"நான் ஒராள் பாத்துச் சொன்னால் சனம் நம்புமே? நாலு பேர் வேணும்."

நாலு பேர் பதினாறு பேரானார்கள். பதினாறு பேரையும் வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்புவதா என்று மனைவி யோகமலர் முதல்நாளே ரோல்ஸ் பொரிக்க இறங்கினாள். மேனுஜா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"ஆருக்கம்மா இவ்வளவு ரோல்ஸ்?"

"உன்ர சோதனைக்கு வாற ஆக்களுக்கு."

"நை!" என்று டெனிஷில் கத்தியபடி தகப்பன் பக்கம் திரும்பினாள். "வேண்டாம் அப்பா! அது சோதனை. அரங்கேற்றமில்லை!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. பிள்ளைக்குச் சபைக்கூச்சம் என்று குகநேசன் இரங்கினார். இரங்கியவர் ஒரு தந்திரமும் செய்தார். ஒன்பது மணிச் சோதனையைப் பதினொரு மணி என்று எல்லோருக்கும் அறிவித்தார். சனம் வந்து சேரும்போது பிள்ளை புள்ளியோடு வெளியே வருவாள். யாருக்கும் நட்டமில்லை.

நவரத்தினம் யுனிவர்சிற்றிக்கே போன் அடித்து நேரம் கேட்டார்.

மறுநாள் எட்டரைக்கு யுனிவர்சிற்றி வாசலில் இரண்டு வான் வந்து நின்றன. "ஒன்பதைப் பதினொண்டெண்டு சொல்லுறீர். அப்பிடி என்னத்தை ஐசே மறைக்கிறீர்?" என்று கேட்டபடி நவரத்தினம் முதலில் இறங்கினார்.

அறையில் ஒன்பது கதிரைகள்தான். மற்றவர்கள் சுவரோடு நின்றார்கள். மேனுஜா திரும்பிப் பார்க்கவேயில்லை. இருபது நிமிடம் பலகை நிறைய எழுதினாள், அழித்தாள், பேசினாள். பதினாறு பேருக்கும் ஒரு இழவும் விளங்கவில்லை. அவள் எதற்காவது அடிக்கோடு போட்டால், வந்தவர்களில் ஒருவரான மரியநாயகி அக்கா கைதட்டினார். வெளியிலிருந்து வந்த பரிசோதகர் மூன்றாவது கைதட்டலுக்குப் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

புள்ளி போடுவதற்காக எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். மேனுஜாவை மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் வெளியே வந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"பன்னிரண்டு."

அதற்கு மேல் டென்மார்க்கில் புள்ளி இல்லை. நவரத்தினம் குகநேசனைக் கட்டிப்பிடித்தார். "மன்னிக்கோணும் தம்பி. பச்சைப் பிள்ளையைப் பற்றி நாய்க்கதை கதைச்சிட்டம்."

"பரவாயில்லை அண்ணை, ரோல்ஸ் எடுங்கோ," என்றார் குகநேசன். பல மாதங்களுக்குப் பிறகு அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மேனுஜா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "போவம் அப்பா. இப்பவே போவம்."

"பொறு பிள்ளை. உன்ர வாத்தியாரும் ஒண்டு சாப்பிடட்டும்."

வாத்தியார் ஒரு நெட்டை டெனிஷ்காரர். ஒரு கையில் ரோல்ஸை வாங்கிக்கொண்டு, மறுகையால் குகநேசனின் கையைக் குலுக்கினார். பதினாறு பேருக்கும் விளங்குகிற தெளிவான டெனிஷில் பாராட்டினார்:

"இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன். ஒரு புதன்கிழமைகூட வகுப்புப் பக்கம் வராமல் பன்னிரண்டு எடுத்த முதல் ஆள் உங்கள் மகள்தான்."